அணில் போய் முக்கோணம் வந்தது

"நாலாயிரம் பேரோட கண்ணு பவர். உன்னை நம்பித்தானே தம்பி குடுத்தேன்? அதை எவனோ ஒருத்தன் கையில தூக்கிக் குடுத்துட்டு, எந்த முகத்தோட என் பையனுக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்கே?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போட்ட சத்தத்தில், பவர் பார்க்க வந்தவர் சுவரிலிருந்த எழுத்துகளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, நான் வித்தது அணிலை மட்டும்தான். உங்க விவரத்தை இல்ல" என்றார், தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்திருந்த அண்ணன்.

அணில் என்பது அண்ணன் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதிய பிளக்-இன், ஒரு குட்டி மென்பொருள். கடைகளின் இணையதளத்தில் ஒட்டிக்கொண்டு, வருகிறவர்களிடம் ஆர்டரும் விவரமும் வாங்கி வைக்கும். ஒன்பதாயிரம் கடைகள் அதை நம்பி இருந்தன. கடைக்காரர்களின் புகார் மெயிலுக்கெல்லாம் அவர் தங்கைதான் பதில் எழுதுவாள். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு பெரிய கம்பெனி அணிலை வாங்கி, அண்ணனை ஆலோசகராகவும் வைத்துக்கொண்டது. போன வாரம் பெயரை மாற்றி, அணில் படம் இருந்த இடத்தில் ஒரு நீல முக்கோணத்தை வைத்தது.

"அப்ப இது என்னவாம்?" கடைக்காரர் போனை நீட்டினார்.

அதில் ஒரு மெயில்: 'அன்புள்ள கடைக்காரரே, அணில் இனி எங்களுடையது. அதனிடம் நீங்கள் கொடுத்தவையும் எங்களுடையவை. வணக்கம்.'

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். அப்பா போன பிறகு தங்கையைக் கரையேற்றுவது ஒன்றுதான் தன் தலையில் இருக்கும் பாரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். தங்கை என்னவோ மூன்று தடவை "இந்தச் சம்பந்தம் வேண்டாண்ணா" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

"ரெண்டே நாள் குடுங்க மாமா. உங்க கடைக்குப் பழைய அணிலையே கொண்டாந்து வெச்சிடறேன்."

வைத்தார். முக்கோணம் வாங்கி வைத்த ஆர்டர்களைப் பழைய அணிலுக்குப் படிக்கத் தெரியவில்லை. வலது கண்ணின் பவரை இடது கண்ணிலும், இடதை வலதிலும் போட்டுக்கொடுத்தது. தப்பு தெரிவதற்குள் பதினோரு பேர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்.

"மாஸ்டர் நேத்து யார் வீட்டு கேட்டுக்குள்ள வண்டியை விட்டாரு தெரியுமா? என் வீட்டு கேட்டு" என்றார் கடைக்காரர். இந்த முறை அவர் கத்தவில்லை. அதுதான் அண்ணனை இன்னும் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். "ஒம்பதாயிரம் கடைக்கும் அந்த மெயில் போயிருக்கும். என் பேரு நாறியிருக்கும். எல்லாருக்கும் நானே ஒரு விளக்கம் எழுதிடறேன். அதைப் பார்த்தா மாமாவும் மனசு மாறுவாரு."

"வேற யாரும் ஒண்ணும் கேக்கலையேங்க" என்றாள் அண்ணி.

"பயத்துல வாயடைச்சுப் போயிருப்பாங்கடி."

"அனுப்பாதண்ணா" என்றாள் தங்கை. முகம் வெளுத்திருந்தது.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் இவ்வளவு பாடு."

'உங்கள் விவரங்களைப் பற்றி வந்த மெயிலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்' என்று எழுதி, ஒன்பதாயிரம் பேருக்கும் தட்டிவிட்டார். பத்து நிமிஷத்தில் பதில்கள் கொட்டின. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: எந்த மெயில்?

"பாத்தியா, எப்படி நடிக்கறாங்க" என்றார் அண்ணன். எனக்கு மட்டும் ஏன் அது வரவில்லை, என்னிடம் எதை மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு கடைக்காரரிடமிருந்தும் அடுத்த கேள்வி கிளம்பியது. மத்தியானத்துக்குள் இரண்டாயிரம் கடைகள் முக்கோணத்தைப் பிடுங்கி எறிந்தன.

கம்பெனியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாள். "சார், நாங்க அப்படி ஒரு மெயிலே அனுப்பலை."

"அனுப்பிட்டு இல்லேன்னு சாதிக்கறீங்க பாருங்க. இதையும் எல்லாருக்கும் சொல்றேன்."

சொன்னார். சாயங்காலத்துக்குள் மிச்சமிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். ஆலோசகர் வேலை போனது. மாதக் கடைசியில் கம்பெனி முக்கோணத்தையே இழுத்து மூடியது. பத்து வருஷம் கண்விழித்து எழுதிய அணிலுக்கு உலகத்தில் ஒரு தடயமும் இல்லை. அண்ணன் மாடியறைக்குப் போவதை விட்டார், பிறகு சவரம் செய்வதையும் விட்டார்.

கண்ணாடிக் கடைக்காரரின் பையனுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியை மாற்ற அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்த மாஸ்டர் மகளையே அந்த மாதமே கட்டிக்கொண்டான். அண்ணியும் குழந்தைகளும் அவள் அம்மா வீட்டோடு போய்விட்டார்கள். தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"உன் கல்யாணத்தைக் கெடுத்தது அந்தப் பாவிங்க அனுப்பின மெயில்தாம்மா."

தங்கை கர்ச்சீப்பை நீட்டினாள்.

"அதை நம்ம அணிலோட பழைய மெயில் முகவரியிலேருந்து நான்தாண்ணா அனுப்பினேன், கண்ணாடிக்கடை மாமா ஒருத்தருக்கு மட்டும். ஒம்பதாயிரம் பேருக்குச் சொன்னது நீதான்."