இடது தூண் கேமரா

எந்தச் சபைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். போதகர் இல்லாத சபை இருக்கலாம். கூரை ஒழுகாத சபைகூட இருக்கலாம். வழக்கக் காவலர் இல்லாத சபை இருக்கவே இருக்காது. இவரை யாரும் நியமிப்பதில்லை. தானாக முளைப்பார்.

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற நில அளவையாளர். சபையார் வைத்த பெயர் வழக்கத்தார். முப்பத்தைந்து வருடம் எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுக்குமா? ஆராதனைக்கு அரைமணி முன்னதாகவே வந்து, பீடத்து மெழுகுவர்த்தி இரண்டும் ஒரே உயரமா, பாட்டு எண் பலகை நேராகத் தொங்குகிறதா, காணிக்கைப் பை வலது வரிசையிலிருந்துதான் கிளம்பப்போகிறதா என்றெல்லாம் நோட்டம் விட்டு, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு உட்காருவார்.

மின்விசிறி வந்தபோது எதிர்த்தார். “பிரசங்கத்துல வேர்க்காதவன் எப்படிங்க மனந்திரும்புவான்?” என்று கேட்டார். இருபது வருடம் கழித்து அதைக் கழற்றிவிட்டு ஏ.சி. போடலாம் என்றார்கள். ஏணியை மறித்துக்கொண்டு நின்றார். “முன்னோர் மாட்டின விசிறிங்க இது!” அந்த முன்னோரில் பாதிப்பேர் அங்கேயேதான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் காதில் ஒரு நாள் கேமரா சங்கதி விழுந்தது. ஆராதனையைப் படம்பிடித்து, கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு செல்போனில் காட்டலாம் என்று இளைய போதகர் கமிட்டியில் கேட்கப்போகிறாராம். வழக்கத்தார் ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்க மறுப்புரை எழுதினார். “வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு ஆராதனையா? காபி குடிச்சுக்கிட்டே ஆமென் சொல்லுவானா?” என்று மனைவியிடம் ஒத்திகையும் பார்த்தார். அந்த அம்மாள் வழக்கம்போல ‘உம்’ கொட்டினார்.

கமிட்டி கூடும் நாள் காலையில் வெளிநாட்டிலிருக்கும் மகள் போன் செய்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போனவள். இப்போது ஐந்தாவது மாதம்.

“அப்பா, டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டார். பிரசவம் வரைக்கும் படுக்கைதான். எனக்குப் பயமா இருக்குப்பா.”

“பயப்படாதேம்மா. ஜெபம் பண்றோம்ல?”

“நீங்க கோயில்ல வேதபாடம் வாசிக்கிறதைக் கேக்கணும்போல இருக்கு. சின்ன வயசுல அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பயம் போயிடும். அங்க கேமரா ஏதாவது வெச்சிருக்காங்களாப்பா?”

“சாயங்காலம் சொல்றேம்மா” என்று வழக்கத்தார் போனை வைத்தார். சட்டைப்பையில் அந்த நான்கு பக்கம் வேறு துருத்திக்கொண்டு நின்றது.

மாலையில் அவர் பேச எழுந்ததுமே இளைய போதகர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துத் தயாரானார்.

“திமிர்வாதக்காரனைப் படுக்கையோட இயேசுகிட்ட தூக்கிட்டு வந்தாங்களே நாலு பேர், வாசல்ல கூட்டம். என்ன பண்ணினாங்க? கூரையைப் பிரிச்சு உள்ள இறக்கினாங்க. கூரையைப் பிரிக்கிறது அந்த ஊரு வழக்கமாங்க?” நான்கு பக்கத்தையும் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். “என் பொண்ணு படுத்த படுக்கையா இருக்கா. கேமராவை வெச்சிடுங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. இடது தூணில் கேமரா ஏறியது. முதல் ஞாயிறு அவர் கோயில் படியிறங்குவதற்குள் போன் வந்துவிட்டது. “நல்லாக் கேட்டுச்சுப்பா. அழுதுட்டேன். சட்டைப் பொத்தானை மட்டும் மாத்திப் போட்டிருக்கீங்க.”

அதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆறாவது ஞாயிறு, வெளிச்சம் போதவில்லை என்று பாடகர் குழுப் பெண் ஒருத்தி கேமராவை வலது தூணுக்கு மாற்றப்போனாள். அவள் நாற்காலியில் ஏறுவதற்குள் வந்து நின்றார்.

“அம்மா, கேமரா இடது தூண்லதான் இருக்கணும். அதுதான் நம்ம சபை வழக்கம்.”

“எப்போ இருந்து ஐயா?”

“ஆதியிலிருந்தே!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்களும் பெற்ற பிள்ளைக்காக ஏதோ ஒரு வழக்கத்தைத் தளர்த்தியிருப்பீர்கள், தப்பே இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை கேட்பதற்கு முன்னால் வேறு யாருடைய பிள்ளையோ அதையே உங்களிடம் கேட்டிருக்குமே, அதற்கு என்ன பதில் சொல்லி அனுப்பினீர்கள்?