மாப்பிள்ளை கட்டிய கணினிக்கு மாமனார் செய்தது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். வீட்டில் மூன்றாவதாக ஒன்று நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உங்கள் மாமியார் காதில் விழும், அவள் காதில் விழுந்தது அடுத்த நிமிடம் எங்கள் பெண்ணுக்குப் போய்விடும். அதனால்தான் கூரியர். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் வேலைக்கு வெளியூர் போகுமுன் பாகம் பாகமாக வாங்கிவந்து, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கட்டிய கணினி கண் திறக்க மாட்டேன் என்கிறது. பெண்ணின் நான்கு வருட ஆய்வேடு அதற்குள்தான் இருக்கிறது. வேறு பிரதி எடுத்தாயா என்று கேட்டதற்கு, "எடுக்கணும்ப்பா, எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனவள் வரும் திங்கட்கிழமை வருகிறாள். அந்தப் புதன்கிழமையே சமர்ப்பிக்க வேண்டும். இன்று செவ்வாய்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் குப்பை கொட்டியவன் நான். உப்பு டப்பா, குடை, மாடிச் சாவி, ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரி வரை என் லேபிள் இருப்பது உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலை தூசி தட்டலாம் என்று பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒன்றுக்கும் பெயர் இல்லை. மனசு கேட்கவில்லை. மெமரி என்று நீங்கள் காட்டிய இரண்டு பட்டைகளையும் கழற்றி, "மெமரி 1", "மெமரி 2" என்று எழுதி, பார்வைக்கு அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று அடி ஓரத்தில், மஞ்சளாகப் பளபளக்கும் இடத்தின் மேல் ஒட்டினேன். திரும்பச் செருகும்போது கொஞ்சம் இறுக்கமாகப் போனது. நல்ல பிடிப்பு என்று சந்தோஷப்பட்டேன்.

சுவிட்சைப் போட்டால் நீளமாக மூன்று பீப். திரை இருட்டு. ஆஸ்பத்திரியில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் நர்ஸ் ஓடுவார். நான் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன புத்தகம், மெமரியைக் காணவில்லை என்று அதற்கு அர்த்தம் சொன்னது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார் என்றது. நான்கு இடத்திலும் மாற்றி மாற்றி, நோட்டில் அட்டவணை போட்டு, எட்டு விதமாகப் பார்த்தேன். எட்டுக்கும் அதே மூன்று பீப். பளபளக்கும் அந்த மஞ்சள் இடத்தை ரப்பரால் துடை என்றது. லேபிள் கிழிந்துவிடுமே என்று அதைத் தொடாமல், ஓரத்தில் தெரிந்ததை மட்டும் தேய்த்தேன். தேய்க்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. மெமரி என்றால் நினைவு அல்லவா? ஆய்வேடு முழுக்க இதில்தானே இருக்கும்? அழிக்கிற ரப்பரால் தேய்த்துவிட்டேனே, இரண்டாவது அத்தியாயம் போயிருந்தால்? அன்றிலிருந்து இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நேற்று தெருமுனை ரிப்பேர்க் கடைக்குப் போனேன். எதைக் கொண்டுபோனாலும் "போச்சு" என்பதால் அவருக்கே போச்சு என்றுதான் பெயர். வாயாலேயே மூன்று பீப் அடித்துக் காட்டினேன். "மதர்போர்டு போச்சு சார்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் சொன்னபடி போர்டை முழுதாக வெளியே எடுத்து, மேஜையில் அட்டைமேல் வைத்துப் பார்த்தேன். அப்போதும் மூன்று பீப். இப்போது அதன்மேல் மேஜைத் துணியைப் போர்த்தி, மேஜைக்கு வார்னிஷ் அடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. பெண் கத்தினால் வாங்கிக்கொள்வேன். அவள் கத்த மாட்டாள். பள்ளிக்கூடத்தில் பரிசுக்கு வரைந்த படத்தை நான் நாலாக மடித்துக் கோப்பில் வைத்தபோது, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் கட்டியதில்தான் ஏதோ கோளாறு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் பெரிய மனதோடு நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைமேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது, வார்னிஷ் வாசனையே வரவில்லையே என்று உங்கள் மாமியார் துணியைத் தூக்கிவிட்டாள். கைக்குட்டையையும் பிரிக்கச் சொன்னாள். "ரிமோட் பேட்டரிக்கு நுனியில தேதி ஒட்டி ஒரு மாசம் டிவி ஓடலையே, மறந்துபோச்சா? தொட வேண்டிய இடத்துல சீட்டு ஒட்டினா எப்படி வேலை செய்யும்?" என்றாள். லேபிளை உரித்தோம், பசையைத் துடைத்தோம், அவள் டார்ச் பிடிக்க எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரே ஒரு பீப். திரை வந்தது. ஆய்வேடு டிஸ்க்கில் இருக்குமாம், மெமரியில் இருக்காதாம், போச்சு போனில் சொன்னார். பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் திறந்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டி, எதையும் தொலைந்துபோக விடாத அப்பாவுக்கு." நான் இதைப் பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது. திங்கட்கிழமை முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று உடனே எழுதுங்கள். பயமாக இருக்கிறது.