இருபத்தேழு சொல்லும் ஒரு திமிங்கிலமும்

அந்தக் காலையில் எனக்கு இங்கிலீசில் இருபத்தேழு சொல்லுகள் தெரியும். இருபத்தேழும் டபிள்யூ, எச் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை. (சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர்களில் இங்கிலீசு விளாசுகிற சில பேருக்கும் முப்பது சொல்லுக்கு மேல் தெரியாது. மேசைக்குப் பின்னால் இருந்து சொல்லுவதால் தப்பித்துக்கொள்கிறார்கள்.)

உப்புவெளியில் ரியாஸ் நானா வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றித் திமிங்கிலம் காட்டப் போவார். அவரோடு போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் கத்தாருக்குப் பறந்துவிட்டான். அந்த வேலைக்கு நான் போய் நின்றேன்.

"தம்பி, ஒனக்கு இங்கிலீசு வருமா?"

"தண்ணி மாதிரி வரும் நானா."

"நாளைக்கு ஒரு புருசன் பெண்டாட்டி வாறாங்க. அவங்க சந்தோசமாப் போனா வேல ஒனக்குத்தான்."

எனக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அத்தானோடு கந்தளாய்க்கு பஸ் ஏற வேண்டும். அத்தான் அங்கே ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை. அக்காவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார், மூட்டை தைக்கிற இடம். பாலையூற்றில் அவர்களின் வீட்டில் இருந்து அவர்களின் சோற்றைத் தின்றுகொண்டு மாட்டேன் என்று சொல்லவும் ஏலாது.

அன்று பின்னேரம் அக்கா மகளின் இங்கிலீசுக் கொப்பியைத் தூக்கினேன். ஒரே எழுத்துகளில் தொடங்குகிற சொல்லுகளை ஒவ்வொரு பக்கத்தில் கருத்தோடு எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தின் தலையில் 'வேல், திமிங்கிலம்' என்று இருந்தது. (முருகன் கோபிக்கக் கூடாது.) அதற்குக் கீழே வார்ஃப் என்றால் இறங்குதுறை, வீல் என்றால் சில்லு, வீட் என்றால் கோதுமை, விசில் என்றால் ஊதி. எனக்குப் புல்லரித்தது. திருகோணமலைத் துறைமுகமே இந்த ஒரு பக்கத்துக்குள் கிடக்கிறதே! மற்றப் பக்கங்கள் எதற்கு? குசினிக்குள் அடுப்படிக்கும் கதவுக்கும் நடந்து நடந்து பாடமாக்கினேன்.

"நாளைக்கு வெள்ளைக்காரர் கேள்வி கேட்டால் என்ன செய்வாய்?" என்றார் அத்தான்.

"வட், வெயர், வென், வை. எல்லாக் கேள்வியும் என்னட்ட இருக்கு அத்தான்."

"மறுமொழி?"

கொப்பியைத் திரும்பவும் திறந்து அடுத்த சொல்லைப் பாடமாக்கினேன்.

விடியப் புறப்பட்டோம். நானா பின்னால் இஞ்சினைப் பிடித்தார். புருசனும் பெண்சாதியும் நடுவில், என்னைப் பார்த்தபடி. நான் முன் அணியத்தில், ராசா மாதிரி. ஒரு மணித்தியாலம் ஓடியும் கடலில் ஒன்றும் இல்லை. அந்த மனுசி என்னிடம் நீளமாக ஏதோ கேட்டாள். எனக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சும்மா இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே என் சரக்கை அவிழ்த்தேன். வசனம் வராது, சொல்லுத்தான் வரும். சொல்லைச் சொல்லி நடித்துக் காட்டினேன்.

"விசில்!" என்று ஊதினேன். "வேர்ல்!" என்று பம்பரமாகச் சுழன்றேன். "விஸ்பர்!" என்று அந்த மனுசனின் காதுக்குள் குசுகுசுத்தேன். "விஸ்கர்!" (கொப்பியில் 'பூனையின் மீசை மயிர்' என்று தெளிவாக இருந்தது) என்று அவருடைய மீசையை மெல்லப் பிடித்து இழுத்தேன். மனுசி விழுந்து விழுந்து சிரித்தாள். "வெயர்!" என்று கையை நெற்றியில் வைத்து நாலு திசையும் காட்டினேன். பாவங்கள், நாலு திசையும் திரும்பிப் பார்த்து ஏமாந்து, கை தட்டினார்கள். கடைசியில் "வேல்!" என்று கத்தி, ஒரு வாய்த் தண்ணீரை மேலே பீச்சினேன். போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார்கள். நானாவும் இஞ்சின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துப் பல்லைக் காட்டினார்.

வேலை எனக்குத்தான் என்று முடிவுகட்டினேன். அப்போதுதான் நானாவின் முதுகுக்குப் பின்னால் கடல் கிளம்பியது.

லொறி ஒன்று கவிழ்ந்து கிடப்பது போலக் கறுப்பாக ஒரு முதுகு. அது விட்ட மூச்சு தென்னை உயரத்துக்குப் போனது. இஞ்சின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை.

"வேல்! வேல்!" என்று கத்தினேன்.

கை தட்டினார்கள்.

கையை நீட்டிக் காட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. ஒருமுறை ஏமாந்தது போதும் என்று நினைத்திருப்பார்கள். குதித்தேன். அவர்களும் இருந்த இடத்தில் குதித்தார்கள். 'பின்னால்' என்பதற்கு நான் பாடமாக்கிய கொப்பிப் பக்கத்தில் சொல் இல்லை. 'லுக்' என்று ஒரு சொல் உலகத்தில் இருப்பது கரைக்கு வந்து இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. (அது டபிள்யூ எச்சில் தொடங்காதது என் குற்றமா?) பதற்றத்தில் தமிழும் மறந்துபோய், "விச்! வைல்! வீட்!" என்று மிச்சம் இருந்ததையெல்லாம் அள்ளி எறிந்தேன். நானாவுக்குக் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிப்பு.

"காணுண்டா, போதும்! வயிறு நோகுது!"

"நானா... பின்னுக்கு..."

அவர் திரும்பியபோது வால் மட்டும் மேலே நின்று, ஆற அமர உள்ளே இறங்கியது. அவர்கள் திரும்பியபோது வட்டமாக அமர்ந்த தண்ணீர் மட்டும் இருந்தது. பிறகு மத்தியானம் வரை சுற்றியும் ஒரு மீன் குஞ்சுகூடத் தலை காட்டவில்லை. கரைக்கு வருகிற வழியில் அந்த மனுசி வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தன் முகமும் விழட்டும் என்று இடையில் போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள் போல. அதில் அவளுடைய பல்லுக்குப் பக்கத்தில் திமிங்கிலம் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

நானா என்னை இறக்கிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, நீ நல்ல பிள்ள. கடலுக்கு வேணாம்."

வீட்டு வாசலில் அத்தான்.

"என்னடா, வெள்ளைக்காரர் திமிங்கிலத்தைப் பாத்தவையோ?"

"என்னைப் பாத்தவை, அத்தான்."

 அடுத்த நாள் காலை கந்தளாய் பஸ்ஸில் அத்தான் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

முழுக் கதையையும் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நான் அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்று சொல்ல வேண்டும். கை ஆடினால் அது நடிப்பு, ஒருவரும் எழும்ப மாட்டார்கள். போன கிழமை குசினிக்குள் பாம்பு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல், சட்டப்படி சொன்னேன்:

"அக்கா, அத்தான், அடுப்படியில பாம்பு."

அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தான் கதிரையை விட்டு எழும்பாமல் கை தட்டினார்.

"இந்த முறை திறமா நடிச்சாய், மச்சான்."