மால்டாவுக்குப் போன கதை, ரங்கத் வழியாக

அந்தமானில் குடியிருப்பவர்கள் விடுமுறைக்கு எங்கே போவார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு ஜாலியாக இருப்போம் என்று நினைப்பு. உண்மையில் எங்களுக்கு விடுமுறை என்றால் மெயின்லேண்ட். மெயின்லேண்ட் என்றால் சொந்தக்காரர் வீடு. கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரத்தில் என் கணவரின் அண்ணன் வீடு, தம்பி வீடு, சித்தப்பா வீடு என்று வீடு வீடாக இறங்கி, எல்லார் வீட்டுச் சமையலறையிலும் வெங்காயம் உரித்துவிட்டு, மறுபடி வாந்தி எடுத்துக்கொண்டே ஊர் திரும்புவோம். இதற்குப் பெயர் ஓய்வு.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. என்னை யாரும் "அண்ணி" என்று கூப்பிடாத ஓர் ஊரில், நான் அடுப்புப் பற்றவைக்காமல் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டதற்கு என் கணவர் முருகேசன், "அப்ப ஆஸ்பத்திரிலதான் போய்ப் படுக்கணும்" என்றார்.

இந்த நிலையில்தான் ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும் படகில் ரீட்டாவைச் சந்தித்தேன். மால்டா என்ற தீவிலிருந்து கணவர் கார்மெலோவுடன் சுற்றுலா வந்தவள். வயதில் என்னைவிடப் பெரியவள், அன்றைக்குக் கடல் கொந்தளித்ததில் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இறங்குவதற்குள் சிநேகிதிகளாகிவிட்டோம், போன் எண்ணும் மாற்றிக்கொண்டோம்.

ஊருக்குப் போனதும் அவள் எழுதினாள். அடுத்த மே மாதம் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், வாடகையே கிடையாது, எங்கள் ஊரில் இப்படி வீடு மாற்றிக்கொள்வது சகஜம், சம்மதமா? நான் உடனே "யெஸ், யெஸ், மோஸ்ட் வெல்கம்" என்று பதில் போட்டேன். (நான் பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. என் மாணவர்கள் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.)

எனக்குப் புரிந்தது இதுதான். முதலில் அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள், நாம் விழுந்து விழுந்து கவனிப்போம். பிறகு ஒரு நாள் நாம் அங்கே போவோம், அவர்கள் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். மொய் எழுதுவது போல. இன்றைக்கு நம் வீட்டு விசேஷம், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷம். விருந்தாளி வாசலுக்கு வரும் நேரத்தில் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்பது எந்தத் தமிழச்சிக்காவது தோன்றுமா? எங்கள் முறை டிசம்பரில் வரும் என்று நானே முடிவு செய்து, பெரிய பெட்டிகூட வாங்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும்விட்டேன்.

ஏப்ரலில் ரீட்டாவின் செய்திகள் விசித்திரமாக வர ஆரம்பித்தன. "வீட்டுச் சாவியை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டாள். சாவி எதற்கு? "கதவு திறந்தே இருக்கும்" என்று எழுதினேன். எவ்வளவு நேர்மையான தீவு என்று அவள் உருகிப்போனாள்.

அடுத்து, "எலுமிச்சை மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினால் போதும்" என்று வந்தது.

"நம்ம வீட்ல எலுமிச்சையே இல்லையேங்க?" என்றேன்.

முருகேசன் யோசித்தார். "அவங்களுக்கு எலுமிச்சைன்னா இஷ்டம் போலருக்கு. அரே, டென்ஷன் மத் லோ. நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாள் ஓர் எலுமிச்சைக் கன்றை வாங்கி வந்து வாசலில் நட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயபக்தியோடு தண்ணீர் ஊற்றினார்.

பிறகு, "ஃப்ரிட்ஜில் பாலும் சீஸும் வைத்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி. அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் இருப்பதை எனக்கு எதற்குச் சொல்கிறாள்? வயதானால் இப்படித்தான் மனசு எதையாவது பேசிக்கொண்டிருக்கும் என்று பரிதாபப்பட்டேன். "வெரி குட்" என்று போட்டேன்.

இதற்கிடையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கார்மெலோவுக்கு முழங்கால் வலி என்று ரீட்டா சொல்லியிருந்ததால் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். மெயின்லேண்டிலிருந்து காய்கறி கொண்டுவரும் கப்பல் தாமதமானதால் முருகேசன் போர்ட் பிளேர் மார்க்கெட் முழுக்க அலைந்து தக்காளி சேர்த்தார்.

அவர்கள் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். ரீட்டா என்னைப் பார்த்தாள், முருகேசனைப் பார்த்தாள், திரும்பிக் கார்மெலோவைப் பார்த்தாள்.

"ஓ! நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா?"

"நாங்க எங்க போகப்போறோம்? கவலையே படாதீங்க. கடைசி வரைக்கும் உங்ககூடவேதான் இருப்போம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவள் முகம் வாடியது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம். காலையில் இட்லி, மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் பஜ்ஜி, இரவு மறுபடி மீன். ரீட்டா அடுப்பங்கரைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தேன். கார்மெலோ நடக்கக் கிளம்பினால் முருகேசன் குடையோடு பின்னாலேயே போவார். அவர் நின்றால் இவரும் நிற்பார். ஒரு முறை கார்மெலோ பாக்குத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். முருகேசன் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்.

தினமும் காலையில் ரீட்டா மெதுவாகக் கேட்பாள், "எப்போது கிளம்புகிறீர்கள்?" பள்ளிக்கு நேரமாகிறதே என்று கவலைப்படுகிறாள் போலும். "லீவு, லீவு! நாள் பூராவும் உங்களுக்குத்தான்!" என்பேன். அவள் சிரிப்பாள். அப்படி ஒரு சோகமான சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு நாள் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மால்டாவிலிருந்து ரீட்டாவின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். அந்த அம்மாள் போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. ரீட்டா போனைக் கையால் மூடிக்கொண்டு தயங்கித் தயங்கி எங்களிடம் சொன்னாள்: "உங்களுக்காக முயல் குழம்பு சமைத்து எங்கள் வீட்டு மேஜையில் வைத்திருந்தாளாம். நீங்கள் வரவில்லையாம். நேற்றும் சூடுபண்ணி வைத்துப் பார்த்தாளாம். கடலில் கிடலில் விழுந்துவிட்டீர்களா என்று கேட்கிறாள்."

முருகேசன் கையிலிருந்த சோற்றை இலையிலேயே போட்டார்.

"அப்ப அந்தப் பாலு?" என்றார் சின்னக் குரலில்.

"உங்களுக்குத்தான்."

"எலுமிச்சை மரம்?"

"எங்கள் வீட்டு மரம்."

அவர் திரும்பி வாசலில் நின்ற கன்றைப் பார்த்தார். நான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டேன். அவமானத்தால் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து யார் யாருக்கோ சமைத்துப் போட்டவள் நான். முகம் தெரியாத ஒருத்தி கடல் தாண்டி எனக்காகச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், நான் இங்கே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பை நினைத்து இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

விசா எடுக்காமல் எங்கே போவது? பாஸ்போர்ட்டுக்கே நாங்கள் எழுதிப் போட்டிருக்கவில்லை. ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நீங்கள் மிகவும் நல்லவர்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தனியாக இருக்கலாம் என்றுதான்…"

முருகேசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "செல்வி, நம்மள வீட்ட விட்டுப் போகச் சொல்றாங்கடி."

"நம்ம வீடுங்க இது!"

"மாத்திக்கிட்டோமில்ல? சலோ, பெட்டிய எடு."

மால்டாவுக்கென்று வாங்கிய பெட்டியோடு, வடக்கே மத்திய அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்கு பஸ் ஏறினோம். கையில் காசு இல்லாத நேரத்தில் வேறு எந்த ஊர் இருக்கிறது? அங்கே முருகேசனின் தங்கை மல்லிகா இருக்கிறாள். ஜிர்காடாங் செக்போஸ்டில், காட்டுப் பாதையில் வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்காக பஸ் காத்து நின்றபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மல்லிகா பெட்டியைப் பார்த்தாள். "என்ன அண்ணி, மால்டாலருந்து அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள். கதையைக் கேட்டு முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தாள், எழுந்து நின்று சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டு வெங்காயத்தை என் முன்னால் வைத்தாள். அந்த விடுமுறை முழுவதும் ரங்கத்தில் உரித்தேன். ரீட்டா என் அடுப்பங்கரையில் நின்று சிரிக்கும் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும் நாளில் மல்லிகா கேலியாகத்தான் சொன்னாள். "அண்ணி, அடுத்த வருசம் நாம மாத்திக்கலாமா? நாங்க அங்க, நீங்க இங்க?"

அவள் கேலி செய்தாள். நான் செய்யவில்லை. "சத்தியமா?" என்று கேட்டேன். அவளுக்கும் என்னைப் போல ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள்.

அடுத்த மே மாதம் அவள் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்த முறை ஆரத்தி எடுக்க வாசலில் யாரும் இல்லை. நாங்கள் ரங்கத்தில் அவளுடைய காலி வீட்டில் இருந்தோம். முதல் நாள் சாயங்காலம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. முருகேசன் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாரும் ரங்கத்தை ரங்கத் என்று சொல்வதில்லை. இந்த மே மாதம்கூட மல்லிகா என் வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணி, மால்டால மழையா?"

"நல்ல மழை" என்றேன். "உங்க அண்ணன் ரவை வறுத்துக்கிட்டிருக்காரு. கருகுற வாசம் வருது. நான் எந்திரிக்கப் போறதில்ல."