நாளைக்குச் சொல்றேன்

"கெபாசிட்டருக்கு நடுவுல ஒரு ஒயர்கூட இல்லையேப்பா. அப்புறம் கரண்ட் எப்படி அந்தப் பக்கம் போகுது?"

ஜெகநாதன் வாயில் போட்ட தோசையை மெல்ல ஆரம்பித்தார். நல்ல மெத்தென்ற தோசைதான். ஆனாலும் வெகுநேரம் மென்றார்.

கேட்டது மகள் ரக்ஷிதா. எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கம்ப்யூட்டர் சயன்ஸில் சீட் கிடைத்திருந்த பெண்ணை, "எல்லாரும் போற வழியில நீயும் எதுக்குக் கண்ணு? அப்பா எலெக்ட்ரானிக்ஸ்ல யூனிவர்சிட்டி ரேங்க். டவுட்டுன்னா நான் இருக்கேன்ல?" என்று இந்தப் பக்கம் இழுத்துப் போட்டவர் அவர்தான். கோயம்புத்தூரில் ரேங்க் வாங்கியது உண்மை. செகந்திராபாத் பக்கம் வந்து மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதையெல்லாம் மறந்துவிட்டார் என்பதும் உண்மை. அதற்கப்புறம் அவர் திறந்து பார்த்த ஒரே எலெக்ட்ரானிக் சாதனம் மீட்டிங் ரூம் ஏ.சி. ரிமோட். அதுவும் பேட்டரி மாற்ற.

"நல்ல கேள்வி" என்றார். பதில் தெரியாதவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். "உடனே சொன்னா மனசுல நிக்காது. நீயும் யோசி. நாளைக்குச் சொல்றேன்."

"போன மிட் எக்ஸாமே ஊத்திக்கிச்சு. இதுவும் போச்சுன்னா பேக்லாக்தான்ப்பா."

சமையலறையிலிருந்து மனைவி ஜலஜாவின் குரல் வந்தது. "அவ பெயிலானா காலேஜ்ல போய் நீங்கதான் கையைக் கட்டிட்டு நிக்கோணும். சொல்லிட்டேன்."

ஜெகநாதன் ரகசியமாக இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தார். முதல் வரியிலேயே ஒரு தலைகீழ் முக்கோணம் இருந்தது. ஒரு காலத்தில் தனக்கு நெருங்கிய சிநேகிதனாக இருந்த சின்னம்தான் என்று ஞாபகம் வந்தது. பெயர்தான் வரவில்லை. மூடி வைத்துவிட்டு மேல்மாடிக்குப் போனார்.

மேல்மாடியில் சந்தானம் சார் இருந்தார். பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வெளியில சொல்லப்படாது" என்பார். அது போதாதா? அபார்ட்மென்ட் மொத்தமும் அவரை ஏவுகணை விஞ்ஞானி என்று முடிவு கட்டிவிட்டது. லிஃப்ட் நின்றுபோனால்கூட அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து, "மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ" என்பார். என்ன தெளிவு என்று எல்லோரும் அசந்துபோவார்கள்.

கேள்வியைக் கேட்டுக்கொண்டு சந்தானம் கண்ணை மூடினார்.

"ஹவ், ஹவ்" என்று உள்ளூர் உருதுவில் ஆமாம் போட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்கோ. இதெல்லாம் அவசரத்துல சொல்ற விஷயமில்லை."

அறிவாளிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறோம் என்று ஜெகநாதனுக்குத் திருப்தி.

மறுநாள் பதில் தயாராக இருந்தது.

"நடுவுல சார்ஜ் தாண்டறதே இல்லை. தகட்டுல சார்ஜ் ஏற ஏற, நடுவுல இருக்கற எலெக்ட்ரிக் ஃபீல்டு மாறறது. அந்த மாற்றமே கரண்ட் மாதிரி சுத்திலும் காந்தப் புலத்தை உண்டாக்கும். இப்போ நான் இங்கே ஒரு ஸ்டோரி போடறேன். அங்கே உங்களுக்கு வயிறு எரியறது. நடுவுல யாரும் வரலை. ஆனா விளைவு வந்துடுத்தோ இல்லையோ?"

"ஸ்டோரின்னா?"

"இன்ஸ்டாவுல."

இந்த வயதிலும் எவ்வளவு நவீனமான மனிதர் என்று ஜெகநாதன் வியந்தார். ஒரு வார்த்தை சிந்தாமல் கீழே கொண்டுவந்து மகளிடம் ஒப்பித்தார்.

ரக்ஷிதா அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கரெக்ட்டுப்பா! அப்படியே கரெக்ட்டு! உங்க மெத்தட் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

என்ன மெத்தட் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரி தலையாட்டினார்.

அடுத்தது ஆப்-ஆம்ப் என்ற சிப். "அந்த முனையை யாருமே கிரவுண்டோட சேர்க்கல. ஆனா ஸீரோ வோல்ட்லயே நிக்குது. நாக்கு அர்த்தம் காலேதுப்பா!" புரியாத விஷயம் எல்லாம் அவளுக்குத் தெலுங்கில்தான் புரியாது.

"நாளைக்குச் சொல்றேன் கண்ணு."

அதற்கும் சந்தானம் ஒருநாள் எடுத்துக்கொண்டார். "ஃபீட்பேக்தான் காரணம். ஆத்துல அப்பா ஒரு பக்கம் எகிறுவார், அம்மா ஒரு பக்கம் எகிறுவா. நடுவுல பொண்ணு ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து நிறுத்தறாளே, அந்த மாதிரி."

சந்தானத்துக்குப் பெண்ணே கிடையாது. இருந்தும் என்ன கற்பனை!

காலையில் அவர் பால் வாங்கக் கீழே வரும்போது, கேட்டருகே காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் ரக்ஷிதாவோடு பேசிக்கொண்டிருப்பதை ஜெகநாதன் பால்கனியிலிருந்து பார்ப்பதுண்டு. விஞ்ஞானியின் காற்று பெண் மேல் படட்டும் என்று விட்டுவிடுவார்.

ஆனால் தினமும் மேல்மாடிக்கு ஏறுவதை ஜலஜா கவனித்துவிட்டாள். "அங்க அப்படி என்னங்க வேலை?" என்று கேட்டாள். மாட்டிக்கொள்வதற்குள் இதை நிறுத்தவேண்டும் என்று ஜெகநாதன் ஒரு யோசனை செய்தார்.

"தினம் ஒண்ணாக் கேக்காத கண்ணு. எல்லா டவுட்டையும் சேர்த்து வை. ஞாயித்துக்கிழமை மொத்தமாப் பாத்துக்கலாம்."

"சூப்பர்ப்பா! என் ஃப்ரெண்ட்ஸையும் கூப்பிடறேன். திங்கக்கிழமை எக்ஸாம். உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். எங்கப்பா உடனே பதில் சொல்ல மாட்டார், டைம் கொடுப்பார், டெஸ்ட் வெப்பார்னு."

டெஸ்ட் எப்போது வைத்தோம் என்று யோசிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. மேல்மாடிக்கு ஓடினார்.

"நக்கோ, நக்கோ!" சந்தானம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். "கூட்டத்துல எல்லாம் எனக்குப் பேச வராது."

"சார், எம் பொண்ணு என்னை நம்பித்தான் இதுல சேர்ந்தா. சும்மா பக்கத்துல உக்காருங்க, போதும். என் மானம் உங்க கையிலதான் இருக்கு."

சந்தானம் நெடுநேரம் யோசித்தார். பிறகு தொழில்நுட்ப ரீதியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை பேர் வரா?"

ஞாயிற்றுக்கிழமை ஹால் முழுக்கப் பிள்ளைகள். சந்தானம் மனைவி லலிதாம்பாளுடன் ஒரு பெரிய தூக்குப் பாத்திரத்தில் போண்டாவோடு வந்தார். அவரே போட்டதாம். ஆளுக்கு ஒரே அளவு. ஒன்று மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை. விஞ்ஞானியின் கணக்கென்றால் கணக்குதான் என்று ஜெகநாதனுக்குத் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பை வர்ஷினி என்ற பெண் ஒரே கேள்வியில் இறக்கிவிட்டாள்.

"அங்கிள், டிரான்ஸ்மிஷன் லைன்ல அந்த முனை ஓப்பனா, ஷார்ட்டான்னு தெரியாமலே வேவ் கிளம்பிடுதே. எவ்வளவு கரண்டோட கிளம்பணும்னு அதுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

"நல்ல கேள்வி" என்றார் ஜெகநாதன். "உடனே சொன்னா மனசுல நிக்காது. நாளைக்கு..."

"நாளைக்குத்தான் எக்ஸாம் அங்கிள்."

எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். ரக்ஷிதாவின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு பெருமை. நிம்மதியாக கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்திருக்கவேண்டிய குழந்தை. ஒரு பழைய ரேங்கின் ஜம்பத்துக்காக அவள் படிப்பையே கெடுத்துவிட்டேனே என்று முதல்முறையாக நிஜமாகவே பயந்தார். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய், பழக்க தோஷத்தில் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"இதை நான் சொல்றதைவிட, காஞ்சன்பாக் சந்தானம் சாரே சொன்னா இன்னும் பொருத்தமா இருக்கும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. சந்தானம் வாயில் போட்ட போண்டாவை மெல்ல ஆரம்பித்தார். நல்ல மெத்தென்ற போண்டாதான். ஆனாலும் வெகுநேரம் மென்றார். மென்றுகொண்டே, தப்பிக்க வழி தேடுபவர் போல ரக்ஷிதாவைப் பார்த்தார்.

காபித் தட்டோடு வந்த லலிதாம்பாள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏண்டிம்மா ரக்ஷிதா, தினம் கார்த்தால கேட்டுல நின்னுண்டு, மாமா கேக்கறதுக்கெல்லாம் நீயா யோசிச்சு அவருக்குச் சொல்லிக் குடுப்பியே, அதே மாதிரி இதையும் நீயே சொல்லிடேன், ஆயுசு பூரா காஞ்சன்பாக் கேன்டீன்ல சாம்பாருக்கு உப்பு பார்த்த மனுஷருக்கே புரிஞ்சுதுன்னா, உங்கப்பாவுக்குப் புரியாமலா போயிடும்?"