துரை இன்னும் உருளவில்லை

பாசம் பாதியும் பயம் பாதியுமாக நான் கும்பிடும் அக்காவுக்கு, தையற்காரத் தம்பி எழுதிக்கொள்வது. உன் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே நானும் உன் நாய் துரையும் சுகம். அதிலும் துரை என்னைவிடச் சுகம்.

"கண்ணு ஆறுற வரைக்கும் இவனை வச்சிரு. சும்மா இருக்காம உருளக் கத்துக்குடு. கத்துக்கிட்டதும் கடுதாசி போடு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மாதம் ஒன்றாகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, துரை இன்னும் உருளவில்லை. ஆகவே வருவதாக நீ எழுதியிருந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். படிப்பைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளை உருப்படாது.

என் மேல் குறை சொல்லாதே. முதல் நாளே நாய் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "கையால புரட்டி விட்டுறாதீங்க, இடுப்பு பிசகிடும். வழுக்காத விரிப்புல படுக்க வைங்க. தீனியை மூக்குகிட்ட காட்டி, மெல்லத் தோள்பட்டை பக்கம் கொண்டுபோங்க. தலை திரும்பும், உடம்பு தானா சாயும். சாஞ்ச உடனே குடுத்துருங்க. அஞ்சு நிமிஷம் போதும். சாப்பிட்ட கையோட வேணாம்" என்றார். இவ்வளவுதானே என்று வந்தேன். தையற்காரன் புத்தி அளவெடுக்காமல் அடங்குமா? துரையை விரிப்பில் படுக்கவைத்து, மூக்கிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முதுகுக்கும் என் கை போகவேண்டிய வழியைச் சாக்குக்கட்டியால் வளைத்துக் கோடு போட்டேன். துரை கோட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எழுந்துபோய்க் கோட்டுக்கு வெளியே படுத்துக்கொண்டது. சரி, தீனியாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று பிஸ்கட்டைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு உடைத்து வைத்தேன். வைத்த இடம்தான் வினை. தைக்க வந்திருந்த தலைமையாசிரியரின் கோட்டுப் பையில் போட்டு மறந்துவிட்டேன், அவரும் மறுநாள் வந்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார், பின்னாலேயே துரையும் போய்விட்டது. பதினொரு மணிக்கு அவர் போன் செய்தார். "உங்க நாய் மூணாம் வகுப்புல உக்காந்திருக்கு. மத்தவங்களைவிட நல்லாத்தான் கவனிக்குது. ஆனா அட்மிஷன் முடிஞ்சிடுச்சே" என்றார்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் பாடம் வைத்தேன். அது இன்னும் மோசம். கடைக் கதவைப் பாதி சாத்தினால் உள்ளே வெயில் ஒரு முழ அகலத்துக்குத்தான் வரும். அதில் நூல் பிசிறுகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு மிதக்கும். துரை படுக்கும், தீனியைப் பார்த்துத் தலையைத் திருப்பும், ஒருக்களித்துச் சாயும், கண்ணை மூடிவிடும். பாதி உருளல் பாடம், மீதி தூக்கம். அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே நானும் பக்கத்தில் சாய்ந்துவிடுவேன். கனவில் தினமும் ஒரு துணிச்சுருள் தெரு நெடுக விரிந்துகொண்டே போகிறது. யாருக்கும் அதை வெட்டவேண்டிய அவசரம் இல்லை. நானும் துரையும் அதன் மேல் நிதானமாக உருண்டு போகிறோம், உடம்பில் வலி என்று ஒன்று இல்லவே இல்லை. விழித்தால் கையிலிருந்த பிஸ்கட் காணாமல் போயிருக்கும், வாசலில் யாராவது கால்சட்டையோடு காத்திருப்பார்கள்.

இப்படியிருக்க, பாடம் முடிய இன்னும் இரண்டு மாதம், மூன்று மாதம்கூட ஆகலாம். நீ அவசரப்படாமல் வேளாவேளைக்குக் கண்ணில் சொட்டு விட்டுக்கொள். உன் பார்வையும் என் ஊசிமுனையும் நெடுநாள் மழுங்காதிருக்க வேண்டும்,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். துரை நாலாம் நாளே உருண்டுவிட்டது, அக்கா. இப்போதெல்லாம் நான் விரலைச் சுழற்றினால் போதும், தீனிகூடக் கேட்பதில்லை. மறைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி போன பிறகு இந்த வீட்டில் நான் எழுந்தால் என்கூடவே எழுந்திருக்கிற உயிர் இது ஒன்றுதான், விட மனசு வரவில்லை. ஆனால் அங்கே உனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் உறையை ஒட்டக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வா. வரும்போது மாற்றுத்துணி நிறைய எடுத்துக்கொண்டு வா. அடுத்து வளையம் தாண்டச் சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன். டாக்டரைக் கேட்டாயிற்று, வளையத்தைத் தரையோடு பிடித்துத்தான் தொடங்க வேண்டுமாம், ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் தீனி காட்ட வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமில்லை.