ஈயக்குண்டு அண்ணாச்சியின் இமயமலை

இமயமலையில் ஏறப்போய்க் கெட்டவர்கள் உண்டு. அதைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அதனால் பெண்டாட்டியைப் பிரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பது உத்தியோகம். ஆகவே ஊருக்கே அவர் ஈயக்குண்டு அண்ணாச்சி.

அது யுத்த காலம். எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அண்ணாச்சி படித்துத் தொலைத்தார். இந்தியா ஒரு காலத்தில் தெற்கே எங்கேயோ தனியாகக் கிடந்ததாம். கோடிக்கணக்கான வருஷமாக வடக்கே நகர்ந்து போய் ஆசியாமேல் மோதியதாம். நடுவிலிருந்த கடலின் தரை நெருக்குண்டு, மடிந்து, மேலே எழும்பியதுதான் இமயமலையாம். நிலம் நகர்கிறது என்று சொன்னவர் ஒரு ஜெர்மன்காரர்; பெரிய பெரிய பண்டிதர்களே அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். யுத்தத்தின் நடுவில் ஒரு ஜெர்மன்காரரை நம்பிய ஒரே சர்க்கார் சிப்பந்தி எங்கள் அண்ணாச்சிதான்.

"மலை மேல சிப்பி கெடக்காம்லே! கடலு மலையேறிப் போயா போட்டுட்டு வந்துச்சு?" என்பார். உடனே அலுவலக ஜமக்காளத்தைச் சுவரோடு அணைத்துக் காலால் தள்ளுவார். அது மடிந்து மடிந்து எழும்பும். ஒருநாள் அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். இமயமலை தடுக்கிக் குப்புற விழுந்த முதல் வெள்ளைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

அதோடு விட்டாரா? வீட்டில் மனைவியின் கல்யாணப் புடவையை விரித்து, இரண்டு பக்கமும் தள்ளி, மலைத்தொடர் செய்து, பனிக்காகச் சுண்ணாம்பு வேறு தூவியிருக்கிறார். அந்த அம்மாள் புடவையை உதறிப் பெட்டியில் வைத்தார். கொழும்பிலிருந்த தம்பி வீட்டுக்குக் கப்பலேறிவிட்டார். மூன்று வருஷமாக அண்ணாச்சியின் எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை.

காப்பிக்கடைக்காரர் ஒருநாள் கிண்டினார். "அண்ணாச்சி, நிலம் வடக்க போவுதுன்னா, என் கடை எப்பம் மதுரைக்குப் போய்ச் சேரும்?"

"மதுரையும் கூடத்தாம்வே போவுது! எல்லாம் ஒரே துண்டு!"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பம் கொழும்பு?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. காப்பியைத் தொடவில்லை. "கொழும்பு வேற துண்டா இருந்தா, அவ நாளுக்கு நாள் தள்ளிப் போய்க்கிட்டுல்லாலே இருப்பா?" என்றார்.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டலிடம் தன் ஈயக்குண்டையும் நீளக் கயிற்றையும் கொடுத்து, போகிற வழியெல்லாம் ஆழம் பார்க்கச் சொன்னார். கடல் ஆழமில்லை என்றால் அடியில் நிலம் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. தண்டல் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார். "நடுக்கடல்ல கயிறு தீந்துட்டு அண்ணாச்சி. தரை தட்டவே இல்ல."

அண்ணாச்சி ஈயக்குண்டை மடியில் வைத்துக்கொண்டு பச்சைப்பிள்ளைபோல் அழுதார். எனக்குத் தாங்கவில்லை. கடல் வரைபடத்தை எடுத்து விரித்தேன். "ஆழம் இங்கனதான். வடக்க ராமேஸ்வரம் பக்கம் பாருங்க, மன்னார் வரைக்கும் மணல்திட்டும் கொறைஞ்ச தண்ணியுந்தான். கொழும்பும் நம்ம துண்டுதான் அண்ணாச்சி."

முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "நிலம் எங்க போனா உங்களுக்கென்ன? மூணு வருசமா கடலை அளந்தீயளே, ஒருதடவை நேர்ல போயி, நான் செஞ்சது தப்புன்னு சொன்னீயளா?"

ஈயக்குண்டைக் கயிற்றோடு சுற்றி மேஜைமேல் வைத்தார். "போனா, கதவைத் தொறக்கலைன்னா என்னலே செய்வேன்?" என்றார்.

அடுத்த தோணியில் நானே ஏற்றிவிட்டேன். மூன்றாம் வாரம் தண்டல் என்னைத் தேடி வந்தார். "அந்தம்மா கதவைத் தொறந்தாவ. மேலயும் கீழயும் பாத்தாவ. பொறவு, 'என்ன இப்பிடி மெலிஞ்சிட்டீய, உள்ள வாங்க'ன்னு கூட்டிட்டுப் போனாவ."

அண்ணாச்சி அங்கேயே தங்கிவிட்டார். நிலம் நகர்வதை இப்போது பள்ளிப்பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அன்று சிரித்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். அவரைப் போகச் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்டல் சொல்லிவிட்டுப் போன அந்த மத்தியானம், தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.